கார்க் கதவு ரப்பருக்கு எதைப் பூசலாம்?

காரின் கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரை ஒர்க்‌ஷாப்பில் 'பீடிங்' என்பார்கள். மழைநீரையும் தூசியையும் தடுப்பது, ஏ.சி. குளிரை வெளியே விடாமல் காப்பது, காற்றிரைச்சலைக் குறைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அது காய்ந்துவிட்டால் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது 'கிறீச்' என்று முனகும். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு 'பர்ர்' என்று பிரியும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: நன்றாகச் சுத்தம் செய்து, பொருத்தமான வழுக்குப் பொருளை மிக மெல்லிசாகப் பூச வேண்டும்.

நான்கு கதவுக்கும் சேர்த்து ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் கையில் கிடைத்த எண்ணெயைப் பூசினால் சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். ரப்பர் மெல்ல ஊதி, தளர்ந்து, கடைசியில் பீடிங்கையே மாற்ற வேண்டிவரும். அதனால் இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி எதை வாங்குவது என்பதிலேயே போகும். பூசுவது எளிய வேலை.

முதலில்: சத்தம் ரப்பரிலிருந்துதானா?

கீலில் வரும் சத்தத்துக்கு ரப்பரில் மருந்து போடுவோர் நிறைய. டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.
2. கதவை மெதுவாக முழுக்கத் திறந்து மூடுங்கள். வழிநெடுக முனகினால் கீல். பாதியில் 'டக்' என்று கேட்டால், கதவை அங்கங்கே நிறுத்திப் பிடிக்கும் செக் லிங்க். இரண்டுக்கும் வேண்டியது சாதாரண கிரீஸ். இந்த அத்தியாயம் அவற்றுக்கானது இல்லை.
3. மூடிய கதவின் மேல் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். இப்போது முனகினால் பீடிங்.
4. ஓடும்போது மட்டும்தான் சத்தம் வருகிறதா? சந்தேகப்படும் பீடிங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வழக்கமான மேடுபள்ளத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து, காய்ந்ததும் சத்தம் திரும்பினால் வேறு சாட்சி வேண்டாம்.

ஒவ்வொரு கதவாக நனைத்துப் பார்த்தால் எந்தக் கதவு என்பதும் தெரிந்துவிடும். பின்சீட்டுப் பக்கம் கேட்கும் சத்தம் டிக்கிக் கதவின் பீடிங்கிலிருந்து வருவதும் உண்டு. அதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்ஜின் ரப்பர் வேறு, கதவு ரப்பர் வேறு

"இன்ஜின்ல ரப்பர் ஆயில்லயே ஊறிக்கிட்டுக் கிடக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகலையே சார்!" கதவில் கிரீஸ் தடவாதீர்கள் என்று சொன்னால் பல ஒர்க்‌ஷாப்பில் வரும் பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜினில் உள்ள ஆயில் சீல்கள் நைட்ரைல் போன்ற ரப்பரால் ஆனவை. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும். வெயிலையும் காற்றில் உள்ள ஓசோனையும் தாங்காது.

இன்றைய கார்களின் கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். இதன் குணம் நேர் எதிர். வெயில், மழை, ஓசோன் எதற்கும் அசையாது. வருடக்கணக்கில் மொட்டைவெயிலில் நிற்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஊதும். ஊதிய ரப்பர் மிருதுவாகி, தன் இறுக்கத்தை இழக்கும். கதவு அழுத்தத்தில் நசுங்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. பூசிய அன்றைக்குப் பளபளவென்று இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய கெமிஸ்ட்ரி இவ்வளவுதான். கடையில் எந்த டப்பாவை நீட்டினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதில் உள்ள எண்ணெய் எதிலிருந்து வந்தது? பெட்ரோலியத்திலிருந்து என்றால் வேண்டாம். உங்களுடையது பழைய வண்டி, அதில் இயற்கை ரப்பர் பீடிங் இருக்கிறது என்றாலும் இதே விதிதான். இயற்கை ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது.

எதை வாங்குவது

என் முதல் தேர்வு சிலிகான் கிரீஸ், சின்ன டியூபில் வருவது. சிலிகான் எண்ணெய் ஈ.பி.டி.எம். ரப்பருக்குள் இறங்குவதில்லை. சுமார் மைனஸ் 40 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை அதன் பதம் பெரிதாக மாறாது, தண்ணீரில் கரையாது. அமெரிக்காவில் ஹோண்டா டீலர்கள் கதவு ரப்பருக்கென்று கொடுப்பது ஜப்பானின் ஷின்-எட்சு நிறுவனத்துச் சிலிகான் கிரீஸைத்தான். நமக்கு அதே பிராண்டு வேண்டும் என்பதில்லை. 'டைஎலெக்ட்ரிக் கிரீஸ்' என்ற பெயரில் ஸ்பார்க் பிளக், எலெக்ட்ரிகல் கனெக்டர்களுக்கு விற்பதும் சிலிகான் கிரீஸ்தான். மோலிகோட் 111 மாதிரி ஓ-ரிங்குகளுக்குப் போடுவதும் அதே இனம்.

இரண்டாவது தேர்வு சிலிகான் ஸ்ப்ரே. கிரீஸை விட மெல்லிசாகப் படியும், விரல் நுழையாத மடிப்புக்கும் போகும். ஆனால் பல ஸ்ப்ரேக்களில் சிலிகானைச் சுமந்து வருவது பெட்ரோலியக் கரைப்பான். அது சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்பதால் ஒரு தடவை பட்டதற்கு ரப்பர் கெட்டுவிடாது. நேரே பீய்ச்சி ஊறவைப்பதுதான் தப்பு. துணியில் அடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, அதன்பின் தடவினால் இந்தக் கவலை தீர்ந்தது.

மூன்றாவது, ரப்பர் பராமரிப்புக்கென்றே வரும் திரவங்கள். ஜெர்மன் நிறுவனங்களின் 'கும்மி ஃப்ளேகே' வகை, ஸ்பாஞ்சுத் தலை வைத்த குப்பியில் வரும். ஷூ பாலிஷ் மாதிரி தேய்த்துக்கொண்டே போகலாம். பூசுவதற்கு இதைவிட வசதியானது இல்லை. விலைதான் கொஞ்சம் கூடுதல். ஜெர்மனியில் குளிர்காலத்துக்கு முன் மான் கொழுப்புக் குச்சியால் கதவு ரப்பரைத் தேய்க்கும் வழக்கமும் இருக்கிறது.

கிரைடாக்ஸ் போன்ற ஃப்ளோரின் வகை எண்ணெய்கள் எந்த ரப்பரையும் தொந்தரவு செய்யாது. கன்வெர்ட்டிபிள் கார்களிலும் சில வண்டிகளின் சன்ரூஃப் சீலிலும் அதைப் போடுவார்கள். சாதாரணக் கதவுக்கு அது தேவையில்லாத செலவு.

*கடையில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்:*

- 'மினரல் ஆயில்', 'பெட்ரோலியம் ஜெல்லி', 'லித்தியம்' என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லித்தியம் என்பது கிரீஸைக் கெட்டிப்படுத்தும் சோப்பின் பெயர். உள்ளே இருக்கும் எண்ணெய் அநேகமாகப் பெட்ரோலியம்தான்.
- 'சிந்தெடிக்' என்ற சொல்லை நம்பாதீர்கள். பல சிந்தெடிக் கிரீஸ்களின் அடிப்படை பி.ஏ.ஓ. என்ற எண்ணெய். அதுவும் பெட்ரோலிய எண்ணெயின் உறவுக்காரன்தான், ஈ.பி.டி.எம். அதிலும் ஊதும்.
- 'பி.டி.எஃப்.இ. கலந்தது' என்பதும் பாதிச் செய்திதான். பி.டி.எஃப்.இ. என்பது ஒரு வழுக்குத் தூள், அதனால் ரப்பருக்குத் தீங்கில்லை. அது எந்த எண்ணெயில் மிதக்கிறது என்பதைப் பாருங்கள்.
- '100% சிலிகான்', 'ரப்பருக்கு ஏற்றது', 'ஈ.பி.டி.எம். ரப்பருக்குப் பாதுகாப்பானது' என்பவை நல்ல அடையாளங்கள்.

நீல-மஞ்சள் டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லார் வீட்டிலும் இருப்பதால். ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக 1953இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் உருவான பொருள் அது. பெட்ரோலிய வடிபொருளும் எண்ணெயும்தான் அதில் பெரும்பகுதி. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடியுங்கள், பீடிங் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அதே நிறுவனம் சிலிகான் ஸ்ப்ரேயும் தனி டப்பாவில் விற்கிறது. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று தெரியாது.

பெயர் ஒன்று, பொருள் வேறு: ஜாக்கிரதை

"சிலிகான் குடுங்க" என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கைக்கு வருவது பெரும்பாலும் சிலிகான் சீலன்ட், அதாவது பசை. பாத்ரூம் ஓரங்களுக்கும் கண்ணாடி மீன்தொட்டிக்கும் போடுவது. காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகிவிடும். இதைப் பூசிக் கதவை மூடினால் மறுநாள் திறக்கும்போது பீடிங் கையோடு வரும். கண்டுபிடிப்பது எளிது: பல சீலன்ட்டுகளில் வினிகர் நெடி அடிக்கும், துப்பாக்கியில் மாட்டும் நீளக் குழாயில் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தோல் கட்டியிருந்தால் சீலன்ட். கிரீஸ் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இன்னொரு குழப்பம், சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஹீட் சிங்க் பேஸ்ட். அதிலும் சிலிகான் எண்ணெய் உண்டு. ஆனால் வெப்பம் கடத்துவதற்காகத் துத்தநாக ஆக்சைடு போன்ற வெள்ளைத் தூளைக் குழைத்திருப்பார்கள். கறுப்பு ரப்பரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக்கொள்ளும், துணியில் பட்டால் போகாது. சிலிகான் கிரீஸ் பளிங்கு மாதிரியோ லேசான பால் நிறத்திலோ இருக்கும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் இருப்பது ஆகுமா?

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பெட்ரோலியம் அல்ல. ரப்பரை உடனே கெடுக்காது. ஆனால் காற்றுப் பட்டுப் பட்டுச் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும், ரோட்டுத் தூசி முழுவதையும் பிடித்து வைக்கும். எறும்புக்கும் எலிக்கும் விருந்து வேறு. வேண்டாம்.

வாஸலின் பெட்ரோலியம் ஜெல்லி. உதட்டுக்கு நல்லது, ஈ.பி.டி.எம். ரப்பருக்கு ஆகாது.

விளக்கெண்ணெய்க்கு ஒரு பெருமை உண்டு. பிரேக் பாகங்களைப் பொருத்தும்போது பூசும் சிவப்பு ரப்பர் கிரீஸ், வழக்கமாக விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பரும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் கெடுவதுதான் காரணம். கதவுக்குப் பூசினால் ரப்பர் கெடாது. ஆனால் கெட்டியான பிசுக்கு தூசியைக் கட்டிவைக்கும். அந்தச் சிவப்பு கிரீஸைப் பிரேக் வேலைக்கே விட்டுவிடலாம்.

கிளிசரின் பரவாயில்லை. மருந்துக் கடையில் சின்னக் குப்பியில் கிடைக்கும், ஈ.பி.டி.எம். ரப்பருக்குத் தீங்கு செய்யாது, சத்தத்தை உடனே நிறுத்தும். தண்ணீரில் கரையும் என்பதால் முதல் மழையில் போய்விடும். நாளை ஊருக்குக் கிளம்ப வேண்டும், சிலிகான் கிடைக்கவில்லை என்றால் தற்காலிகத்துக்குப் போடுங்கள்.

பஞ்சர் கடையில் டியூபுக்குப் போடும் பவுடரும் கோடையில் ஒருநாள் சத்தத்தை அடக்கும். ஈரம் பட்டால் சேறாகக் கட்டும்.

டயருக்கும் டாஷ்போர்டுக்கும் பூசும் பளபளப்புத் திரவங்களில் தண்ணீர் அடிப்படையும் உண்டு, கரைப்பான் அடிப்படையும் உண்டு. லேபிளில் எது என்று சொல்லாததைத் தொடாமல் இருப்பதே மேல்.

சந்தேகம் தீரவில்லையா? ஊறவைத்துப் பாருங்கள்

லேபிள் எதுவும் சொல்லவில்லை என்றால் ரப்பரையே கேட்டுவிடலாம்.

1. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட பழைய கதவு பீடிங் ஒரு முழம் கேட்டு வாங்குங்கள். சும்மாவே கொடுப்பார்கள்.
2. பீடிங்கில் இரண்டு பகுதி இருக்கும்: ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்ற குழாய், தகரத்தைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான பகுதி. ஸ்பாஞ்சு எதையும் உறிஞ்சும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கெட்டிப் பகுதியில் மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். உள்ளே உலோகம் இருக்கும். கையுறை போட்டு வெட்டி, அதை உருவிவிடுங்கள்.
3. ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வைத்து, கூரிய பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் இடுங்கள்.
4. முதல் துண்டை நீங்கள் வாங்கிய பொருளில் மூழ்க வையுங்கள். இரண்டாவதை இன்ஜின் ஆயிலில். மூன்றாவது சும்மா இருக்கட்டும். ஸ்ப்ரே என்றால் வெளியில் வைத்துக் குப்பிக்குள் அடித்து, கரைப்பான் ஆவியாக ஒரு மணி நேரம் விட்டபின் துண்டைப் போடுங்கள்.
5. ஒரு வாரம் கழித்து எடுத்து, துடைத்து, அதனதன் கோட்டுக்குள் வையுங்கள்.

இன்ஜின் ஆயில் துண்டு கோட்டைத் தாண்டி நிற்கும். கிள்ளினால் நகம் இறங்கும். உங்கள் பொருளில் ஊறிய துண்டு மூன்றாவது துண்டைப் போலவே கோட்டுக்குள் உட்கார்ந்தால் தைரியமாகப் பூசலாம். இரண்டாவது துண்டு ஊதவே இல்லை என்றால் அந்த ரப்பர் ஈ.பி.டி.எம். அல்ல, வேறு வண்டியின் துண்டோடு மறுபடி பாருங்கள்.

பூசும் முறை

தேவையானவை: மிதமான கார் ஷாம்பு, ஒரு வாளித் தண்ணீர், மிருதுவான பழைய பல் பிரஷ், சாயம் போகாத துணி நாலைந்து, கையுறை. ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட் புதிதாக இருந்தால் சரி. ஏற்கெனவே கிரீஸ் துடைத்ததாக இருந்தால் இவ்வளவு நேரம் தவிர்த்த எண்ணெயை நீங்களே கொண்டுவந்து பூசிய கதைதான்.

1. காலையிலோ மாலையிலோ நிழலில் நிறுத்துங்கள். கையில் சூடு உறைக்கும் ரப்பரில் பூசினால் திட்டுத் திட்டாக இழுக்கும்.
2. உள்விளக்கை ஆஃப் செய்யுங்கள். கதவு நெடுநேரம் திறந்திருந்தால் பேட்டரி இறங்கும்.
3. உலர்ந்த துணியால் முதலில் மணலைத் தட்டுங்கள். கீழ் மூலைகளில் நிறையச் சேர்ந்திருக்கும்.
4. ஷாம்பு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மடிப்புகளைப் பிரித்து பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோல், டீசல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னைப் பீடிங்குக்கு நேரே பிடித்தால் அது பள்ளத்திலிருந்து எழும்பிவிடும்.
5. பீடிங் அழுந்தும் பெயின்ட் பரப்பையும் அதே கவனத்தோடு துடையுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. காய்ந்த பாலிஷின் வெள்ளைப் படிவும் புழுதியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒட்டுவதற்கும் முனகுவதற்கும் அதுவே காரணமாக இருந்து, இந்தப் படியோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு.
6. சுத்தத் தண்ணீர்த் துணியால் ஷாம்பு போகத் துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் கிரீஸ் பிடிக்காது.
7. பீடிங் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். கிழிசல், வெடிப்பு, நசுங்கி எழாத இடம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்திலிருந்து எழும்பியிருந்தால் அழுத்தி உட்காரவையுங்கள்.
8. ஒரு கதவுக்குக் கொண்டைக்கடலை அளவு கிரீஸ். துணியில் எடுத்து, விரல் நுனியால் அதைத் துணியிலேயே பரப்பிவிட்டு, பீடிங்கின் மேல் ஒரே திசையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போங்கள். மேல் மூலைகளிலும் கீல் பக்கத்திலும் கூடுதலாக இரண்டு முறை. வண்டி முறுக்கிக்கொள்ளும்போது அதிகம் உராய்வது அங்கேதான்.
9. தகரத்தைக் கவ்வும் உட்பள்ளத்தில் பூசாதீர்கள், பிடி நழுவும். சில வண்டிகளில் பீடிங் இருபக்க டேப்பால் ஒட்டியிருக்கும். அந்த விளிம்பிலும் பூசாதீர்கள், ஒட்டு விட்டுவிடும்.
10. கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மினுமினுப்பு போய், மங்கலான கறுப்பு தெரிய வேண்டும். வெள்ளை வேட்டியோடு ஏறி இறங்கினாலும் கறை படக் கூடாது; அதுதான் அளவு.
11. பெயின்டில் பட்டதைத் துடைத்துவிட்டுக் கதவை மூடுங்கள்.

*குறிப்பு:* கீலுக்கும் அன்றைக்கே கிரீஸ் போடுவதாக இருந்தால் பீடிங் வேலையை முதலில் முடித்து, துணியையும் கையுறையையும் மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கண்ணாடி ஓடும் சேனல்

பவர் விண்டோ திணறி ஏறினால் பலரும் மோட்டாரைக் குறை சொல்வார்கள். கண்ணாடியின் இருபக்கமும் ஓடும் ரப்பர் சேனலில் புழுதி அடைத்திருந்தாலும் அப்படித்தான் திணறும். இங்கே கிரீஸ் போடவே கூடாது. கிரீஸோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள்தான். கண்ணாடியில் நெட்டுக்குத்தாகக் கீறல் விழும்.

கண்ணாடியை முழுக்க இறக்கி, சாவியை எடுத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் நுனியில் சுற்றிச் சேனலை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும் வரை துடைக்க வேண்டும். காய்ந்ததும் ஸ்ப்ரேயின் நீளக் குழலை மாட்டி, சேனலுக்குள் ஒரே ஒரு கோடு அடியுங்கள். இந்த இடத்தில் மட்டும் நேரே அடிப்பதைத் தவிர வழியில்லை, எனவே கொஞ்சமாக. ஐந்து நிமிடம் விட்டு, கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கி, கண்ணாடியில் ஒட்டியதைத் துடையுங்கள். ஏற்றும்போது பக்கத்தில் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில சேனல்களின் உட்பக்கம் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். அதைப் பிரஷ்ஷால் பறட்டென்று தேய்க்க வேண்டாம்.

பாதுகாப்பு

சிலிகான் கையில் பட்டால் பெரிய ஆபத்தில்லை. அது போகக் கூடாத இடத்துக்குப் போவதுதான் ஆபத்து.

- *பெடல், ஸ்டீயரிங், பிரேக் டிஸ்க்:* ஸ்ப்ரேயின் துளி பட்டாலே வழுக்கும். காரின் உட்பக்கம் நேரே அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் செருப்பின் அடியைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.
- *தரை:* டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் சிலிகான் படலம் கண்ணுக்குத் தெரியாது. பழைய சாக்கோ செய்தித்தாளோ விரித்து வேலை செய்யுங்கள்.
- *முன்கண்ணாடி:* படிந்தால் மழையில் வைப்பர் அதிர்ந்து அதிர்ந்து ஓடும், எதிர்வண்டி வெளிச்சம் பரவித் தெரியும்.
- *தீ:* ஸ்ப்ரே டப்பாவில் உந்துவிசைக்கு இருப்பது பெரும்பாலும் எரியும் வாயு. பீடி, சிகரெட், ஊதுபத்தி, பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். காற்றோட்டமாக எல்லாக் கதவையும் திறந்துவையுங்கள்.
- *வெயில்:* மீதி டப்பாவைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று டப்பாவிலேயே பொதுவாக எழுதியிருக்கும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய கார் அதை எளிதாகத் தாண்டும்.
- *பி.டி.எஃப்.இ. கலந்தவை:* கை கழுவாமல் சிகரெட்டைத் தொடாதீர்கள். அந்தத் தூள் நெருப்பில் பட்டு வரும் புகையால் காய்ச்சல் வரும்.

வண்டி டிங்கரிங், பெயின்ட் வேலைக்குப் போகப்போகிறதா? சிலிகான் பூசுவதைப் பெயின்ட் வேலை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். சிலிகான் கொஞ்சம் இருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகும். பெயின்டர்கள் 'ஃபிஷ் ஐ' என்று தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான். ஏற்கெனவே பூசியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது பூசுவது

தமிழ்நாட்டு வண்டிக்கு வருடம் இருமுறை போதும்: மார்ச்சில் வெயில் ஏறுவதற்கு முன் ஒன்று, செப்டம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று. கடற்கரை ஓரத்திலோ செம்மண் பாதையிலோ ஓடும் வண்டிக்கு நடுவில் சுத்தம் மட்டும் ஒருமுறை கூடுதலாகச் செய்யலாம். மாதாமாதம் பூசுவதில் பயனில்லை, தூசிதான் சேரும்.

கனடாவிலோ நார்வேயிலோ இருக்கும் வாசகருக்குக் காரணம் வேறு. அங்கே பீடிங்கில் தங்கிய தண்ணீர் உறைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். பனி தொடங்குமுன் சிலிகான் பூசினால் தண்ணீர் தங்காது. உறைந்துவிட்டால் கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ரப்பர் கிழியும். கதவை வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றிலும் அழுத்தி, பனியை நொறுக்கிவிட்டுத் திறங்கள். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரியலாம்.

பூசியும் சரியாகவில்லை என்றால்

வழுக்குப் பொருள் உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். வெடித்த ரப்பரையோ தட்டையான ரப்பரையோ அது மீட்காது. பீடிங் இறுக்கத்தைப் பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவின் இடையில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் பாருங்கள். எல்லா இடத்திலும் தளர்வாக இருந்தால் கதவு லாக் கவ்வும் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டச் சொல்லலாம். ஒரே இடத்தில் மட்டும் என்றால் பீடிங் நசுங்கியிருக்கிறது.

மழையில் கால் மிதியடி நனைகிறது என்று பீடிங் மாற்றச் சொல்வதற்கு முன், கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் கதவுக்குள் வழிந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே வரும். ஒரு ஈர்க்குச்சி போதும், செலவே இல்லை. கதவு அட்டைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தாலும், ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் மிதியடி நனையும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய பீடிங்கையே கேளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவது மூலைகளில் உட்காராது. பழையதைக் கையால் உரித்து, தகர விளிம்பில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதியதை மேல் மூலைகளிலிருந்து தொடங்கி உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். இழுத்து நீட்டாதீர்கள், நீட்டிய ரப்பர் சில வாரத்தில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். இரு முனையும் சேரும் இணைப்பு கீழ்ப்பக்கம் வரட்டும். புதுப் பீடிங்கோடு முதல் சில நாட்கள் கதவு இறுக்கமாகத்தான் மூடும். அதற்காக ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தச் சொல்லாதீர்கள்; ரப்பர் படிந்ததும் தானாகச் சரியாகும்.